அத்தியாயம் 4: ஜெர்மன் செவிலியர் பயிற்சியில் நீங்கள் மாணவரா, ஊழியரா?

ஜெர்மனியில் ‘அவுஸ்பில்டுங்’ எனப்படும் தொழிற்பயிற்சி முறையில் செவிலியர் பயிற்சிக்குப் போக நினைப்பவரிடம் ஆளுக்கொரு விதமாகப் பேசுவார்கள். ஊரில் இருக்கும் ஏஜென்ட், “இது படிப்பு, அதனால் அட்மிஷனுக்குக் கட்டணம் உண்டு” என்பார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, வார்டில் ஆள் குறைந்த நாளில், “நீயும் ஸ்டாஃப்தானே, அந்த ஆறு அறையைப் பார்த்துக்கொள்” என்பார்கள். சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், “நீ இன்னும் பயிற்சியில்தானே இருக்கிறாய்” என்று பதில் வரும். மூன்று பேச்சிலும் பாதி உண்மை இருப்பதால்தான் புதிதாகப் போகிறவர் குழம்புகிறார். ஜெர்மன் சட்டம் இதில் குழம்பவில்லை. பயிற்சியாளர் வெறும் மாணவரும் இல்லை, முழு ஊழியரும் இல்லை. பாதுகாப்பு என்று வரும்போது பெரும்பாலும் ஊழியர், வேலைச்சுமை என்று வரும்போது மாணவர். இந்த அத்தியாயம் சொல்லவருவது இது ஒன்றைத்தான்: எந்த இடத்தில் நீங்கள் எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் அடுத்தவர் தமக்கு வசதியான பாதியை எடுத்துக்கொள்வார்.

முதலில் அடிப்படை. 2017இல் நிறைவேறி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் செவிலியத் தொழில்கள் சட்டம், அதுவரை தனித்தனியாக இருந்த பொது மருத்துவமனைச் செவிலியம், குழந்தைகள் செவிலியம், முதியோர் பராமரிப்பு ஆகிய மூன்று பயிற்சிகளையும் ஒன்றாக்கியது. முழுநேரமாகப் படித்தால் 3 ஆண்டு. வகுப்பில் 2,100 மணி நேரம், வார்டிலும் முதியோர் இல்லத்திலும் வீட்டுப் பராமரிப்பிலுமாக 2,500 மணி நேரம். நம் ஊர் பி.எஸ்சி. நர்சிங்கிலிருந்து இது அடியோடு வேறுபடும் இடம் ஒன்று உண்டு. இங்கே மாணவர் கல்லூரியில் சேர்கிறார், கட்டணம் கட்டுகிறார், கல்லூரி அவரை மருத்துவமனைக்கு அனுப்புகிறது. அங்கே ஒரு மருத்துவமனையோ முதியோர் இல்லமோ உங்களோடு ஒப்பந்தம் போட்டு, மாதச் சம்பளம் தந்து, பள்ளிக்கு அனுப்புகிறது. ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் கையெழுத்திடுவது ‘ட்ரேகர்’ எனப்படும் இந்த நடைமுறைப் பயிற்சி நிறுவனம்; பள்ளி அல்ல. பள்ளி தனி நிறுவனமாக இருந்தால் ஒப்பந்தம் செல்லுபடியாக அதன் ஒப்புதலும் வேண்டும். குழந்தைகள் பிரிவுக்காக உங்களைச் சில வாரம் வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினாலும் சம்பளமும் பொறுப்பும் ட்ரேகருடையதே. ஒப்பந்தத்தில் பயிற்சி தொடங்கும் நாள், காலம், எந்தெந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்ற திட்டம், வார வேலை நேரம், தகுதிகாண் காலம், சம்பளம், விடுப்பு, எந்த நிலையில் முறிக்கலாம் என்பவை இருக்க வேண்டும். “அட்மிஷன் லெட்டர் வந்துவிட்டது” என்று சொல்லிப் பள்ளியின் கடிதத்தை மட்டும் காட்டுகிறவரிடம் கேட்க வேண்டியது ட்ரேகரின் பெயரையும் இந்த ஒப்பந்தத்தின் நகலையும்தான்.

ஊழியர் என்ற பாதிக்கு ஆதாரம் எங்கே? ஜெர்மனியின் விடுப்புச் சட்டம், வேலைநேரச் சட்டம், நோய்க்காலச் சம்பளச் சட்டம், தொழிலாளர் நீதிமன்றச் சட்டம் எல்லாவற்றிலும் ‘ஊழியர்’ யார் என்று வரையறுக்கும் இடத்தில், தொழிற்பயிற்சிக்காகப் பணியில் இருப்பவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நம் நாட்டின் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு இதற்கு நேர்எதிர்: அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்ல, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்கிறது. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம், பயிற்சி என்றாலே உரிமை கிடையாது என்று எடுத்துக்கொண்டு அங்கே போய் இறங்குகிறோம். சட்டம் கொடுத்திருப்பதைக் கேட்கவே கூச்சப்படுகிறோம். அங்கே பயிற்சியின் முதல் மாதத்திலிருந்தே சம்பளத்தில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு ஆகியவற்றுக்குப் பிடித்தம் உண்டு. ஏறத்தாழ 5இல் ஒரு பங்கு போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தம் வருத்தமாக இருக்கும். ஆனால் நீங்கள் சமூகக் காப்பீட்டுக்குள் இருக்கும் பணியாளர் என்பதற்கு மாதாமாதம் கைக்கு வரும் அத்தாட்சியும் அதுதான். வேலையில் சேர்ந்து 4 வாரம் ஆன பிறகு நோய்வாய்ப்பட்டால் 6 வாரம் வரை முழுச் சம்பளம் உண்டு. தனியார் நிறுவனமானால் ‘பெட்ரீப்ஸ்ராட்’ என்ற ஊழியர் குழுவும், ஆள் எண்ணிக்கை போதுமானால் பயிற்சியாளர்களுக்கென்றே தனிப் பிரதிநிதிகளும் இருக்கலாம். அரசு மருத்துவமனைகளிலும், காரித்தாஸ், டியாகோனி போன்ற தேவாலயச் சார்புள்ள இல்லங்களிலும் இந்தக் குழுவுக்கு வேறு பெயர், வேறு விதி. அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மாணவர் என்ற பாதியைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். சம்பளம் வாங்குகிறோம், சொன்ன வேலையைச் செய்துதானே ஆகவேண்டும் என்று நினைப்பு. செவிலியத் தொழில்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு வேறு சொல்கிறது: பயிற்சியின் நோக்கத்துக்கும், பயிற்சியில் நீங்கள் எட்டியிருக்கும் நிலைக்கும் ஏற்ற வேலையை மட்டுமே தரலாம், அது உங்கள் உடலும் மனமும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வார்டுச் சுற்றிலும், அதாவது ஓர் இடத்தில் தொடர்ந்து பயிற்சி பெறும் ஒவ்வொரு காலத்திலும், குறைந்தது 10 சதவீத நேரம் ‘ப்ராக்ஸிஸ் அன்லைட்டர்’ எனப்படும் தகுதிபெற்ற வழிகாட்டி, முன்கூட்டித் திட்டமிட்டு, உடனிருந்து கற்பிக்க வேண்டும். 400 மணி நேரச் சுற்றென்றால் 40 மணி நேரம். போகிற போக்கில் “இப்படிப் பிடி” என்று சொல்லிவிட்டுப் போவது இந்தக் கணக்கில் வராது. இரவுப் பணியைப் பாருங்கள். பயிற்சியின் இரண்டாம் பாதியில்தான் அது தொடங்கலாம். மொத்தமே 80 முதல் 120 மணி நேரம். அதுவும் தகுதிபெற்ற செவிலியரின் நேரடிப் பார்வையில். முதலாம் ஆண்டுப் பயிற்சியாளர் ஒருவரை இரவு ஷிஃப்டில் ஒரு தளத்தில் விட்டுவிட்டு, “ஏதாவது என்றால் கீழ்த்தளத்துக்கு போன் பண்ணு” என்று சொன்னால் அங்கே மூன்று விதி ஒரே நேரத்தில் மீறப்படுகிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு அழைப்பு மணி ஒலித்து, கட்டிலிலிருந்து விழுந்து கிடக்கும் 80 வயதுப் பாட்டியைத் தூக்குவதா, தூக்காமல் அப்படியே விடுவதா, டாக்டரைக் கூப்பிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள் அல்ல. நோயாளியின் பராமரிப்புத் தேவையைக் கணிப்பது, பராமரிப்பைத் திட்டமிட்டு வழிநடத்துவது, அதன் தரத்தை மதிப்பிடுவது ஆகிய மூன்றையும் சட்டத்தின் 4ஆம் பிரிவு உரிமம் பெற்ற செவிலியருக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது.

பயிற்சியாளரின் உழைப்பை அரசே எவ்வளவு என்று மதிக்கிறது என்பதற்கு இந்தச் சட்டத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சியாளருக்குத் தரும் சம்பளத்தை நிறுவனத்துக்கு எவ்வளவு ஈடுசெய்வது என்று கணக்கிட, மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் ஒன்பதரைப் பயிற்சியாளர்கள் ஒரு முழுச் செவிலியருக்குச் சமம் என்றும், வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தில் 14 பேர் ஒருவருக்குச் சமம் என்றும் 27ஆம் பிரிவு வைத்தது. முதலாம் ஆண்டினரை அதிலும் சேர்க்கவில்லை. அவர்களுடைய உழைப்பின் மதிப்பு, இந்தக் கணக்குக்கு, பூஜ்யம். இது நிதிக் கணக்கு. ஷிஃப்டில் ஆள் போடுவதற்கான விதி அல்ல என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் ‘டீன்ஸ்ட்ப்ளான்’ எனப்படும் பணி அட்டவணையில் ஒரு செவிலியர் இடத்தில் ஒரு பயிற்சியாளர் பெயரை எழுதுகிற நிர்வாகம், பணம் வாங்கும்போது ஒன்பதரைக்கு ஒன்று என்றும் வேலை வாங்கும்போது ஒன்றுக்கு ஒன்று என்றும் கணக்குப் போடுகிறது. இதைச் சொல்லிக் காட்ட நீங்கள் வழக்கறிஞராக இருக்கத் தேவையில்லை.

இரண்டு பாதிகளும் முட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. அதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாந்துபோகும் அபாயம் இருக்கிறது. நோய்க்கு 6 வாரம் சம்பளத்தோடு ஓய்வு என்பது ஊழியர் உரிமை. ஆனால் நோயால் தவறிய நேரம் வகுப்பில் 10 சதவீதத்தையும் நடைமுறையில் 10 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது மாணவருக்கான விதி. அதாவது மூன்று ஆண்டுக்கும் சேர்த்து வகுப்பில் 210 மணி, வார்டில் 250 மணி. வாரம் 39 மணி நேர ஒப்பந்தத்தில், ஒரு வார்டுச் சுற்றின்போது முதுகுவலியால் 6 வாரம் படுத்தால் 234 மணி நேரம் போய்விடும். சம்பளம் ஒரு யூரோ குறையாது. மூன்று ஆண்டுக்கான அனுமதியில் மிஞ்சுவது 16 மணி நேரம். போதாததற்கு, ஒரு கட்டாயச் சுற்றில் 25 சதவீதத்துக்கு மேல் தவறக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. கர்ப்ப காலத்துக்குத் தனிக் கணக்கு. எல்லாம் சேர்ந்து 14 வாரம் வரை ஏற்கப்படும். வரம்பு மீறினால் எல்லாம் முடிந்தது என்று பொருளல்ல. பயிற்சியின் இலக்கு கெடவில்லை என்று காட்டி மாநில அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம், கிடைக்காவிட்டால் காலம் நீளும். ஆகவே தவறிய மணி நேரத்தை அரையாண்டுக்கு ஒருமுறை பள்ளியில் கேட்டுக் குறித்துவையுங்கள். சம்பளச் சீட்டு இதைக் காட்டாது.

இனி மறுப்புகள். முதலாவது சம்பளம் பற்றியது. பொதுத்துறை மருத்துவமனைகளின் கூட்டு ஒப்பந்தப்படி 2024 மார்ச் முதல் முதலாம் ஆண்டில் மாதம் 1,340.69 யூரோ, இரண்டாம் ஆண்டில் 1,402.07, மூன்றாம் ஆண்டில் 1,503.38; பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் இது மேலும் உயர்ந்தது. வாரம் 39 மணி என்று வைத்து, முதலாம் ஆண்டுத் தொகையை மாத வேலை நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 யூரோகூட வரவில்லை. 2024இல் ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 12.41 யூரோ. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பயிற்சியாளர்களைத் தன் வரம்பிலிருந்து வெளிப்படையாக விலக்கிவிட்டது. அப்படியானால் ஊழியர் பாதுகாப்பு என்பதெல்லாம் வெறும் பேச்சுதானே, மலிவுக் கூலிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பிடிக்கும் ஏற்பாடுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதில் பயிற்சியின் மொத்த 4,600 மணி நேரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் 2,100, கிட்டத்தட்டப் பாதி, நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரம். அதற்கும் சம்பளம் வருகிறது. மீதி நேரம் கற்கும் நேரமாக இருக்கும் வரை இந்தக் குறைந்த தொகை நியாயம். கற்பிக்காமல் வேலை மட்டும் வாங்கினால் அந்த நியாயம் போய்விடுகிறது. அதனால்தான் 10 சதவீத வழிகாட்டலைச் சம்பளப் பிரச்சினையாகவே பார்க்கச் சொல்கிறேன். ஒப்பந்த நேரத்துக்கு மேல் வேலை என்பது விதிவிலக்காக மட்டுமே அனுமதி; அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டும், அல்லது ஈடாக விடுப்பு. கூட்டு ஒப்பந்தத்தில் சேராத தனியார் இல்லங்கள் குறைவாகத் தரலாம், ஆனால் இஷ்டத்துக்கு அல்ல. சட்டம் கேட்பது ‘தகுந்த’ சம்பளம். பொருந்தக்கூடிய கூட்டு ஒப்பந்தத் தொகையில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அது தகுந்ததல்ல என்பதே கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவரும் அளவுகோல். ஆகவே 1,000 யூரோ என்று எழுதிய ஒப்பந்தத்தைப் பார்த்தால் கையெழுத்துக்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது மறுப்பு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வருகிறது: பயிற்சிக்கு இவ்வளவு செலவழித்த பிறகு முடித்த கையோடு வேறு ஊருக்குப் போய்விட்டால் எங்கள் கதி என்ன, சில ஆண்டு இங்கேயே வேலை செய் என்று எழுதி வாங்குவது தவறா? தவறுதான் என்கிறது செவிலியத் தொழில்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு. பயிற்சி முடிந்தபின் எங்கே வேலை செய்யலாம் என்று கட்டிப்போடும் ஷரத்து செல்லாது; பயிற்சியின் கடைசிச் சில மாதங்களில் நீங்களாகப் பேசி வேலை ஒப்பந்தம் போட்டுக்கொள்வது மட்டும் வேறு. பயிற்சிக் கட்டணம் கேட்பதும், நடுவில் விலகினால் இத்தனை ஆயிரம் அபராதம் என்பதும், இழப்பீட்டை மொத்தத் தொகையாக முன்பே நிர்ணயிப்பதும் செல்லாது. நிறுவனம் ஏமாந்துபோகிறது என்ற வாதமும் அவ்வளவு வலுவானதல்ல: பயிற்சிச் செலவுக்கென்று மாநிலந்தோறும் ஒரு பொது நிதி இருக்கிறது, பயிற்சி தருகிற, தராத எல்லா மருத்துவமனைகளும் பராமரிப்பு நிறுவனங்களும் அதில் பணம் கட்டுகின்றன, பயிற்சி தருபவர்களுக்கு அதிலிருந்து ஈடு கிடைக்கிறது. உங்கள் பயிற்சிக்கு அந்தத் துறையே சேர்ந்து பணம் கட்டியிருக்கிறது; அந்தத் துறையில் எங்கே வேலை செய்தாலும் கடன் தீர்ந்ததாகத்தான் அர்த்தம்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு நீங்கள் ட்ரேகரோடு போடும் பயிற்சி ஒப்பந்தத்துக்குத்தான். புறப்படும் முன் சென்னையிலோ திருச்சியிலோ மொழி வகுப்புக்கும் விசா வேலைக்கும் என்று ஏஜென்டோடு போடும் தனி ஒப்பந்தத்தை அது தானாக எட்டிப்பிடிக்காது. ஜெர்மன் மொழியில் பி1 அல்லது பி2 நிலை வரையிலான வகுப்பு ‘இலவசம்’ என்று சொல்லி, மறுபக்கத்தில் அதைக் கடனாக எழுதி, கல்விச் சான்றிதழ்களின் அசலை வாங்கி வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழகிப்போன முறை. அசலைத் தராதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் என்ற உச்சவரம்பு உண்டு. “நாங்கள் வேலைக்கு அனுப்பவில்லை, படிக்க அனுப்புகிறோம்” என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவரிடம், சம்பளமும் ஓய்வூதியப் பிடித்தமும் உள்ள ஒப்பந்தம் எப்படி வெறும் படிப்பாகும் என்று கேளுங்கள். முதல் பத்தியில் சொன்ன பாதியை எடுத்துக்கொள்ளும் வித்தையில் அதிகம் பணம் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

மருத்துவத் துறைப் பயிற்சி எல்லாமே இப்படித்தான் என்றும் எண்ணிவிட வேண்டாம். அறுவை அரங்கு உதவியாளர், மயக்க மருந்து உதவியாளர் பயிற்சிக்கு 2022 முதலும், ஆய்வகம், எக்ஸ்ரே போன்ற மருத்துவத் தொழில்நுட்பப் பயிற்சிகளுக்கு 2023 முதலும் சம்பளத்தோடு கூடிய ஒப்பந்தம் சட்டமாகியிருக்கிறது. மருத்துவச்சிப் பணி 2020 முதல் சம்பளத்தோடு கூடிய பட்டப்படிப்பாக மாறியது. ஆனால் பிசியோதெரபி இன்னமும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற்கிறது. அதில் பயிற்சி பெறுபவர் அடிப்படையில் பள்ளி மாணவர், சம்பளம் என்பது சட்டம் தந்த உரிமையல்ல, சில பெரிய மருத்துவமனைகள் கூட்டு ஒப்பந்தத்தால் தருவது. ஒரே தாழ்வாரத்தில் நடக்கும் இரண்டு பயிற்சியாளர்களில் ஒருவருக்கு மேலே சொன்ன பெரும்பாலான உரிமைகள் இருக்கும், மற்றவருக்கு இருக்காது. “ஹெல்த்கேர் அவுஸ்பில்டுங்” என்று பொதுவாகச் சொல்பவரிடம் எந்தத் தொழில், எந்தச் சட்டம் என்று கேட்டே ஆகவேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. உரிமையெல்லாம் காகிதத்தில் சரி, விசா அந்த ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டுதானே நிற்கிறது, வாயைத் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்களா? முதல் 6 மாதத் தகுதிகாண் காலத்தில் இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் இரு தரப்பும் முன்னறிவிப்பு இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முடிக்கலாம். அதற்குப் பிறகு நிலைமை மாறுகிறது. கடுமையான காரணம் இருந்தால்தான் நிறுவனம் உங்களை நீக்கலாம். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். விஷயம் தெரிந்து 2 வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால் அதைக் காரணமாகச் சொல்லவும் முடியாது. வேலை அட்டவணையைப் பற்றிக் கேள்வி கேட்பது அப்படிப்பட்ட காரணம் அல்ல. நீக்கக் கடிதம் கைக்கு வந்தால் 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றம் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். குடியிருப்புச் சட்டத்தின் 16ஏ பிரிவும் ஒரு வாசல் வைத்திருக்கிறது: உங்கள் தவறு இல்லாமல் பயிற்சி நின்றுபோனால், அனுமதியைப் பறிக்கும் முன் வேறு பயிற்சி இடம் தேட 6 மாதம் வரை அவகாசம் தர வேண்டும். நீங்களே விலக நினைத்தால் 4 வார முன்னறிவிப்பு போதும். ஆனால் புதிய இடத்தை உறுதிசெய்து வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வாங்காமல் பழையதை விடுவது ஆபத்து. பயிற்சியாளர்களை ஒப்பந்தம் மாற்றி எடுத்துக்கொள்ள இடங்கள் இல்லாமல் இல்லை. செவிலியர் தட்டுப்பாடு அங்கே அத்தனை கடுமை.

ஆக, சண்டை போடுவதா பொறுத்துப்போவதா என்பதல்ல கேள்வி. கையில் எழுத்து இருக்கிறதா என்பதுதான். பயிற்சிப் பதிவேடு எழுதுவது சட்டப்படி உங்கள் கடமை. அதையே உங்கள் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள், யார் வழிகாட்டினார், எத்தனை மணி நேரம், என்ன கற்றேன் என்று அன்றன்றைக்கே எழுதி, சுற்று முடியும்போது கையெழுத்து வாங்குங்கள். 400 மணி நேரச் சுற்றின் பாதியில் பதிவு 8 மணி நேரத்தைக் காட்டினால், வார்டு பொறுப்பாளரிடம் புகார் என்று போகாமல், “இன்னும் 32 மணி நேரத்தை எந்தெந்த நாளில் வைத்துக்கொள்ளலாம்?” என்று கேட்கலாம். பதில் வராவிட்டால் பள்ளியின் பொறுப்பாசிரியர், அடுத்து பயிற்சியாளர் பிரதிநிதி அல்லது ஊழியர் குழு, அதற்கும் அடுத்து வேர்டி தொழிற்சங்கம். பயிற்சியாளரும் சங்கத்தில் சேரலாம். தங்கள் சம்பளம் பேசப்படும்போது எச்சரிக்கை வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளலாம் என்று 1984லேயே கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தகுதிகாண் காலத்தில் இருப்பவர் தாமே முன்னால் நிற்காமல் பிரதிநிதியைப் பேச விடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாகப் பயிற்சி முடியும் கட்டம். அரசுத் தேர்வு முன்னதாக முடிந்து முடிவு வந்துவிட்டாலும் ஒப்பந்தம் அதில் எழுதிய நாளில்தான் முடியும். அதுவரை பயிற்சிச் சம்பளமே. தேர்வில் தவறினால் நீங்கள் கேட்டுக்கொள்வதன்பேரில் அடுத்த தேர்வு வரை, அதிகபட்சம் ஓராண்டு, ஒப்பந்தம் நீளும். கேட்காமல் இருந்தால் நீளாது, எழுத்தில் கேளுங்கள். தேறியவர் ஒப்பந்தம் முடிந்த மறுநாளும் அதே வார்டில் வேலையைத் தொடர, வேறு எதுவும் தெளிவாகப் பேசிக்கொள்ளாமல் நிறுவனமும் வேலை வாங்கினால், காலவரையற்ற வேலை ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டதாகச் செவிலியத் தொழில்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு கொள்கிறது. ஆனால் இது தொழிலாளர் சட்டத்தின் பார்வை மட்டுமே. செவிலியர் என்ற தொழிற்பெயரைப் பயன்படுத்த மாநில அலுவலகம் தரும் உரிமச் சான்றுக்கும், பயிற்சிக்கான குடியிருப்பு அனுமதியைத் திறன்பெற்ற பணியாளருக்கான அனுமதியாக மாற்றவும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் ஊர்கள் உண்டு. ஆகவே தேர்வுக்குப் படிக்கும் மாதங்களிலேயே அந்த அலுவலகத்தில் நாள் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.